குச்சனூர் ரோட்டில் நாற்பதடிச் சுவர்

12.2.2001, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். சுவர் வேலைக்கு நல்ல நாள். என் இடுப்புக்குத்தான் நல்ல நாள் இல்லை.

கடைவீதியில் பதினான்கு வருடம் தைத்த கடையை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். கட்டிடக்காரர் மகன் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப் போகிறானாம். சின்னமனூருக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆகவே ஜாக்கெட் வெளியே. இனி வீட்டு முன்னறையில்தான் தையல். 26ந் தேதி திறப்பு.

சிக்கல் ஒன்று. வாசல் சந்துக்குள் இருக்கிறது. ரோட்டைப் பார்த்து இருப்பது காம்பவுண்டுச் சுவர் மட்டும். குச்சனூர் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, நாற்பதடி நீளம், ஆறடி உயரம். அதில் பெயர் எழுதாவிட்டால் நான் உள்ளே தைக்கிறேனா தூங்குகிறேனா என்பது கர்த்தருக்கு மட்டுமே தெரியும். அவர் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர் இல்லை.

சுவரின் இன்றைய நிலை:
— அடியில் இரண்டடிக்குப் பாசி. பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்களின் கைங்கரியம்.
— நடுவில் உப்புப் பொரிந்து பூச்சு உதிர்கிறது.
— மேற்கு மூலையில் விரல் நுழையும் விரிசல்.
— மீதி இடமெல்லாம் அரசியல்.

கடைசிச் சங்கதிக்குக் காரணம் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. எந்தக் கட்சி வந்து கேட்டாலும் "எழுதிக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு என்னைக் காபியும் போடச் சொல்வார். போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. சுவர் இன்னும் அவர் குணத்திலேயே இருக்கிறது.

பெயிண்டர் மருது வந்து பார்த்தான். ஊரில் வெள்ளையடிப்பதும் அவன்தான், எல்லாக் கட்சிக்கும் எழுதுவதும் அவன்தான்.

"அக்கா, இதச் சொவருன்னு சொல்லக் கூடாது. வாக்காளர் பட்டியல்னு சொல்லணும்."

"சொரண்டுவியா, பேசுவியா?"

"ரெண்டும் செய்வேன். கூலி ஒண்ணுதான்."

13, செவ்வாய்

சுரண்டல். கம்பி பிரஷ், இரும்புத் தகடு, மூக்கில் துணி. மருதுவோடு பாண்டியம்மாவும் நானும். (பாண்டியம்மா: என் கடையில் பதினொரு வருடமாகக் காஜா எடுப்பவள், மயிலாடும்பாறைக்காரி, வாய் கத்தரி.)

மேல் படலத்தில் குடைச் சின்னம். அதற்கடியில் திராட்சைக் கொத்து, அது ஒரு சுயேச்சை. டெபாசிட் போய்விட்டது, ஆள் மட்டும் என் சுவரில் பதவியில் இருந்திருக்கிறார். அதற்கடியில் இன்னொருவர் மீசை. பாண்டியம்மா அந்த மீசையை ஆசை தீரத் தேய்த்தாள்.

"யாரு மேல கோவம்டி?"

"யாரு மேலயும் இல்லக்கா. மீசைன்னா ஒரு பிடித்தம்."

எல்லாப் படலத்திலும் கும்பிட்ட கைகள் ஒரே மாதிரி இருந்தன. மருதுவிடம் கேட்டேன். "மொகம் மாறும்க்கா, கை மாறாது. கைய மொதல்ல போட்டு வச்சுருவேன். யாரு வேட்பாளருன்னு தெரிஞ்சப்பறம் மேல தலைய வைப்பேன்" என்றான்.

சாயங்காலம் சுவர் அம்மணமாக நின்றது. பார்க்க வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. தலைமுடியில் அரைக் கிலோ சுண்ணாம்பு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு எழுபது வயது. சோப்புப் போட்டு நாற்பத்தெட்டுக்குக் கொண்டு வந்தேன்.

14, புதன்

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர். ஊறவிட்டுக் கழுவினோம். விரிசலைக் கொத்தி அகலமாக்கிச் சிமெண்ட் வைத்தான் மருது. நாளை முழுக்கக் காயணும், வெள்ளிக்கிழமை முதல் கோட்டு என்றான்.

பெயிண்ட் கடையில் நிறம் பார்க்கப் போனேன். சிவப்பைத் தொட்டால் ஒரு கட்சி. பச்சை என்றால் இரண்டு கட்சி. மஞ்சள், நீலம், காவி, கறுப்பு எல்லாம் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டாயிற்று. வெள்ளை என்றால் எல்லாரும் வாங்க வாங்க என்று அர்த்தம். கடைசியில் ரோஸ். சிமெண்ட் பெயிண்ட், வெளிர் ரோஸ். எழுத்துக்கு அடர் செங்கல் நிறம். ரோஸ் கட்சி இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தால் நான்தான் தலைவி.

கடைக்காரர், "ரோஸா? சொவத்துக்கா?" என்றார். அவர் வீட்டம்மா போன தீபாவளிக்கு எடுத்ததும் இதே ரோஸ்தான். இடுப்பு முப்பத்தாறு என்று சொல்லி அளவு கொடுத்து, நாற்பதுக்குத் தைக்கச் சொன்னவர். இதையெல்லாம் நான் வெளியில் சொல்கிறவள் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

15, வியாழன்

போச்சு.

காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஈரம்கூடக் காயவில்லை. நான்கு மூலையிலும் நீலத்தில் அம்புக்குறி, நடுவில் "2006 வரை ரிசர்வ்", கீழே கட்சிப் பெயர்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேர்தல் வருகிற நேரத்தில் ஒரு சுவரைச் சுரண்டிக் கழுவி வெறுமனே விட்டால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். பழைய எழுத்து இருந்தவரை ஒருத்தன் சீண்டவில்லை. திருடனுக்கு வீட்டைக் கூட்டி, கோலம் போட்டு வைத்தவள் நான்.

யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லாமல் ஆளே வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் தம்பி செல்வின், வார்டு செயலாளர். (இனி கொ. என்று எழுதுவேன், கொழுந்தன். முழுப் பெயர் எழுதினால் மரியாதை கூடிவிடுகிறது.)

"என்னங்க மதினி, சொவரு பளிச்சுன்னு இருக்கே!"

"நான் கழுவுனேன் தம்பி. ஏங் கடைப் பேரு எழுத."

"அட, கடைப் பேரு எங்கன வேணா எழுதலாம். சந்துக்குள்ள ஒரு தகரம் மாட்டுங்க. இது ரோட்டுச் சொவரு. கட்சியில வாக்குக் குடுத்துட்டேன். எங்க அண்ணன் இருந்தா வேண்டாம்னு சொல்லுவாகளா?"

"சொல்ல மாட்டாக. அதனாலதான் வீட்ட ஏம் பேருல எழுதிட்டுப் போனாக."

கொ. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, பஸ் போன பிறகும் நிற்கிற ஆள் மாதிரி. "வர்ற வியாழக்கெழம நல்ல நாளு, எழுத வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். காபி குடிக்காமல். நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் இருக்கிறது.

16, வெள்ளி

மருது வந்தான். சுவரைப் பார்த்தான். வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா, மன்னிச்சுக்கங்க."

"என்னடா மன்னிக்க? சுண்ணாம்பச் சொரண்டிட்டு ரோஸ் அடி."

"ரிசர்வ் போட்ட சொவத்துல நான் கை வைக்க முடியாதுக்கா. அதான் தொழில் முறை. எதிர்க்கட்சிக்காரனே தொட மாட்டான். இன்னைக்கி ஒங்களுக்காக நான் தொட்டா, நாளைக்கி நான் போட்ட ரிசர்வ ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"இந்த ரிசர்வப் போட்டதே நீதானா?"

தலையைச் சொறிந்தான். "எழுத்து எப்படி இருக்கு?"

அதுதான் எரிச்சல். எழுத்து நன்றாக இருந்தது.

போடிக்குப் பஸ் ஏறி அங்கே ஓர் ஆர்ட்டிஸ்டைப் பார்த்தேன். விவரம் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டான். தேனியில் ஒருத்தனுக்குப் போன் போட்டேன். "ரிசர்வா? வேண்டாம்மா." ஊருக்கு ஊர் ரேஷன் அரிசி எடை குறைகிறது, இந்தச் சட்டம் மட்டும் கிராம் குறையாமல் நிற்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தேன். பெயிண்டருக்குத்தான் தொழில் முறை. எனக்கு என்ன? நான் டெய்லர்.

17, சனி

குச்சனூர் சனீஸ்வரனுக்குப் போகும் கூட்டம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற அத்தனை பேர் முன்னால் நானும் பாண்டியம்மாவும் சுண்ணாம்பைச் சுரண்டினோம். சுண்ணாம்பை வைத்துக்கொண்டு மேலே சிமெண்ட் பெயிண்ட் அடித்தால் அப்பளம் மாதிரிக் கழன்று வரும். பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. ஆகவே முழுச் சுவரும் மறுபடி முதலிலிருந்து.

கூட்டத்திலிருந்து வந்த அபிப்பிராயங்கள்:

"ரிசர்வ அழிக்கிறாக பாரு!"

"பொம்பளையாளு. தெரியாம செய்யிறாக போல."

"தெரிஞ்சுதான் செய்யிறோம்ணே" என்றாள் பாண்டியம்மா. "நீங்க எள்ளு வௌக்குப் போட்டுட்டு வாங்க. எங்க சனிய நாங்க சொரண்டிக்கிறோம்."

ஒரு பெரியம்மா எள் பொட்டலத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்து, பஸ் வரும்வரை பிரஷ் பிடித்துத் தேய்த்தாள். கெங்குவார்பட்டியாம். "எங்க வீட்டுச் சொவரும் போச்சு தாயீ. நடு வாசலுக்குப் பக்கத்துல ஒருத்தரு மூக்கு" என்றாள். பெயர் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மதியத்துக்குள் முடிந்தது. "2006 வரை" என்பதில் 2006ஐ நானே தேய்த்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஊசி பிடிக்க முடியவில்லை.

18, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஸ்டெல்லா, நீங்க ஏணியில ஏறுனீகளாமே?"

"ஆமா. எறங்கவும் செஞ்சேன்."

"கொழுந்தனாரப் பகைக்கலாமா? நாளைக்கி ஒங்க மக கல்யாணத்துக்கு முன்ன நிக்க ஆளு வேணும்ல?"

இதற்கு மட்டும் செருப்பைத் தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன். எனக்கே ஆச்சரியம். மகள் மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் அப்பா வழியில் உயிரோடு இருப்பது கொ. ஒருவர்தான். அவர் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு நாள் தரையில் படுத்திருந்தவரும் இதே கொ. அதை மறக்கவில்லை. அதற்காக நாற்பதடியை எழுதிக் கொடுக்கவும் முடியாது. முன்னறையில் தையல் ஓடவில்லையென்றால் நர்ஸிங் எதில் ஓடும்?

மதியம் கறிச்சாறு. சாப்பிட்டுவிட்டுத் தரையில் பிரவுன் பேப்பரை விரித்தேன். ஜாக்கெட் பேட்டர்ன் வெட்டுகிற பேப்பர். அதில் ஸ்கேல், வளைவுக்கட்டை, சாக்பீஸ் வைத்து எழுத்துகளை வரைந்து, உள்ளே கத்தரியால் வெட்டி எடுத்தேன். சுவரில் பேப்பரை வைத்து ஓட்டை வழியாகப் பஞ்சால் ஒற்றினால் எழுத்து. பெயிண்டர் வேண்டாம்.

'ஸ்' நன்றாக வந்தது. 'லே' ஒரு பக்கம் தோள் இறங்கியது. 'டெ' நிஜமாகவே 'பஃப்' கை வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு எதை வரைந்தாலும் ஜாக்கெட்தான் வரும் போல.

19, திங்கள்

முதல் கோட்டு. சுவரை முதலில் நனைக்க வேண்டும், காய்ந்த சுவர் பெயிண்டைக் குடித்துவிடும். வெயிலுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். பெயிண்ட் பவுடரை மோர் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடிகட்டினோம். முதல் வாளி கட்டி தட்டிவிட்டது, பாண்டியம்மா வாசலில் ஒரு செடிக்கு ஊற்றினாள். செடி இப்போது ரோஸாக நிற்கிறது. பிழைக்குமா தெரியவில்லை.

கொ. சைக்கிளில் இரண்டு முறை போனார். நிற்கவில்லை. பிரேக் மட்டும் கிறீச்சிட்டது.

20, செவ்வாய்

இரண்டாம் கோட்டு. அருமையாக வந்திருக்கிறது. பஸ் டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துப் பாராட்டினார், அல்லது ஆடு குறுக்கே வந்திருக்கலாம்.

மருது எதிர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வரவில்லை. டீக்கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னான்: "சிமெண்ட் பெயிண்ட் அடிச்சா மூணு நாளைக்கிக் காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும்ணே. இல்லைன்னா மாவு மாதிரிக் கையில வந்துரும்." டீக்கடைக்காரருக்குச் சுவரே கிடையாது. ஓலைத் தட்டி.

21, புதன்

எழுத்து. சாக்பீஸ் கோடு இழுத்து, பேப்பரைச் சுவரோடு பாண்டியம்மா அழுத்திப் பிடிக்க, நான் ஒற்றினேன். காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை.

ஸ்டெல்லா லேடீஸ் டெய்லர். வாசல் சந்துக்குள். கீழே ஓர் அம்புக்குறி. ரிசர்வ் அம்பைவிட நீளமாக.

'ய்' வழிந்து ஒரு துளி இறங்கியது. விட்டுவிட்டேன். எழுத்துகள் நேர் கோட்டில் இல்லை, நடுவில் லேசாக இடுப்பு வாங்கியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரே ஜாக்கெட் போட்ட மாதிரி. பாண்டியம்மா ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"படிக்க முடியிதுக்கா. அதுவே பெருசு."

22, வியாழன்

முதலில் காபி. எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரை. நானும் பாண்டியம்மாவும் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துச் சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். கொ. வந்தார். கூட நாலு பேர், சுண்ணாம்பு வாளி, நீலப் பவுடர், ஏணி. பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, மருது.

கொ. சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இது என்ன மதினி? ரிசர்வ அழிச்சுப்புட்டீக?"

"ஏஞ் சொவரு தம்பி."

"எங்க அண்ணன் சொவரு. அண்ணன் செத்துட்டாகன்னு..."

"அவுகதான் செத்தாக. நான் சாகல."

ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. நாலு பேரில் ஒருவன் ஏணியைச் சாத்தினான். பாண்டியம்மா ஏணிக்கு நேர் மேலே ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். தெரியாமல் என்றாள்.

"ஏய் மருது, அடிடா சுண்ணாம்ப. அடிச்சிட்டுத் தலைவரு படத்தப் போடு."

மருது முன்னால் வந்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான், எடுத்தான். கை சொட்டியது. சுவரையும் என் 'லே'யையும் பார்த்தான். சிரிப்பை விழுங்கினான் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, சொவரு ஈரமா ஓடுது. இதுல அடிச்சா நிக்காது. தலைவரு மொகம் ஒழுகிரும்."

"ஒழுகுனா ஒழுகட்டும்."

"கண்ணு வழியா நீலம் எறங்கும்ணே. எதுக்க பஸ் ஸ்டாப்பு. பாக்கிறவக என்ன சொல்லுவாக?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் முகம் ஒழுகுவதற்கு யார் பொறுப்பு என்று எவனும் கேட்கவில்லை, எல்லாரும் அரையடி பின்னால் நகர்ந்தார்கள். ஏணி தானாகவே இறங்கியது.

கொ. என் பக்கம் திரும்பினார். "சரி. காயட்டும். எத்தன நாளைக்கித் தண்ணி ஊத்துவீக?"

"தேர்தல் என்னைக்கி தம்பி?"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொ. முகம் சிவந்தது. அவருக்கு அவர் அண்ணன் மூக்கு. கோபம் வந்தால் நுனி முதலில் சிவக்கும். அதைப் பார்த்ததும் என் தைரியம் ஒரு நொடி ஆடியது. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வாக்குக் குடுத்துட்டேன் மதினி. எனக்கு எவ்வளவு கேவலம் தெரியுமா?"

"என்னயக் கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்."

"இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நல்லது கெட்டது எதுக்கும்."

"படி ஏற வேண்டாம். சொவத்துலயும் ஏறாதீக."

போய்விட்டார். சைக்கிளைக்கூட எடுக்காமல் நடந்தே. சற்று நேரம் கழித்து மருது வந்து அதை உருட்டிக்கொண்டு போனான். போகிற போக்கில், "அக்கா, 'டெ' கொஞ்சம் பெருசாப் போச்சு" என்றான்.

அப்புறம் உள்ளே வந்து அழுதேன். ஐந்து நிமிடம் இருக்கும். மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் போடும் இடத்தை நினைத்து. பாண்டியம்மா மெஷினில் நூல் கோர்த்தாள். அதற்குப் பிறகு மூன்று ஜாக்கெட் வெட்டினேன். ஒன்று கை மாறிப்போய் இரண்டும் இடது கை.

சாயங்காலம் மறுபடி எட்டுக் குடம்.

23, வெள்ளி

பனி இல்லை. காற்று.

கிழக்கு மூலையில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு முழம் நீளம். எழுத்து எதுவும் இல்லை. கொ. கையா, கட்சிக்காரன் கையா, தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

கம்பி பிரஷ் எடுத்துத் தேய்த்தேன். வந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தொட்டு அடிக்க பாக்கெட்டில் கொஞ்சம் ரோஸ் மிச்சம் இருக்கிறது, அடுத்து ஒரு கோடு இழுத்தாலும் போதும்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு பெண் சுவரைப் பார்த்துச் சந்துக்குள் வந்துவிட்டாள். கடை திங்கட்கிழமைதான் என்றேன். போகவில்லை. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது "சொவத்துல யாரு எழுதுனாக?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "கழுத்து மட்டும் நேரா வச்சுத் தச்சுருங்க" என்றாள்.

தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது. பாண்டியம்மா குடத்தோடு நிற்கிறாள்.